ஐந்தருவிக்குக் குளிக்கப் போனவர்களும் திறந்தே கிடந்த கர்சரும்

ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது என்னைக் கூப்பிட்டு, காபி வாங்கிக் கொடுத்து, "ஏதாவது சொல்லுங்க மேடம்" என்கிறீர்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் போன தடவை வந்திருந்தபோது ஒரு தம்பி, பெயர் வேண்டாம், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து ஒரு கேள்வி கேட்டார். அப்டேட் கர்சரை டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே திறந்தால் புரோகிராம் நின்றுவிடுகிறதாம். "அப்படி நிறுத்துற அந்த ஒரு செக்கை மட்டும் எடுத்துடலாமா மேடம்? ரொம்பத் தொந்தரவு பண்ணுது."

எடுக்கலாம் ராசா. ஒரு வரி வேலை. எடுத்த அன்றைக்கு எல்லாரும் உங்களைக் கொண்டாடுவார்கள், டீ வாங்கித் தருவார்கள். இப்படியே குறுக்கு வழி போட்டுக் கொண்டாடப்பட்டுப் போன ஒரு ஆளுக்குப் பின்னால் போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் எடுங்கள்.

எண்பதுகளின் கடைசி. தென்காசியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். குற்றாலத்தில் பத்துப் பன்னிரண்டு லாட்ஜ்காரர்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு புக்கிங் ஆபீஸ் ஆரம்பித்திருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களைப் புரோக்கர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிற கூத்தை நிறுத்த வேண்டும், எல்லா லாட்ஜ் அறைகளையும் ஒரே இடத்தில் கொடுக்க வேண்டும் என்பது யோசனை. மதராஸ் கம்பெனி ஒன்றிடமிருந்து யுனிக்ஸ் மெஷின் ஒன்றும், மூன்று டெர்மினலும், மழைக் காற்றில் பேப்பர் நமத்துப் போய் அடிக்கடி மல்லுக்கு நிற்கிற பிரிண்டர் ஒன்றும் வந்து இறங்கின. அப்போதுதான் நம் பக்கம் எட்டிப் பார்த்த ரிலேஷனல் டேட்டாபேஸ் அதில் இருந்தது. சீசன் சூடுபிடித்த பிறகு, அதைப் பராமரிக்க என்னை அனுப்பினார்கள். தினமும் தென்காசியிலிருந்து டவுன் பஸ். காலையில் போய் உட்கார்ந்தால் கீபோர்டு எல்லாம் வழவழவென்று இருக்கும். கவுன்டர் பையன்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேராக வந்து தட்டுவார்கள். துடைப்பதே என் முதல் வேலை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நேற்றுச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பஸ் டைம்டேபிளில் விரல் வைத்து வரி வரியாகப் படிப்போமே, கர்சர் அந்த விரல். "காலி அறைகளைக் காட்டு" என்றால் ஒவ்வொன்றாகக் காட்ட டேட்டாபேஸ் வைத்திருக்கும் விரல். பார்ப்பதோடு நிற்காமல் அந்த வரியில் எழுதவும் திறந்தால் அது அப்டேட் கர்சர். டிரான்ஸாக்‌ஷன் என்பது ஒரு வேலையை ஆரம்பித்து முழுதாக முடிக்கிற வரைக்கும் அந்த வரியை வேறு யாரும் தொடாமல் பிடித்துக்கொள்வது. கமிட் சொன்னால் பிடி விடும், விரலும் எடுபட்டுவிடும். மறுபடி வேண்டுமானால் மறுபடி திற, மறுபடி பார். அந்த டேட்டாபேஸின் சட்டம் இவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தை எழுதினவர் குற்றாலத்துக்கு வந்து பார்த்ததில்லை. அங்கே அறை எடுக்க எவரும் தனியாக வருவதில்லை. வேனில் பதினைந்து பேர், ஸ்டவ், சட்டி பானை, முறுக்கு டின், மாமியார், மாமியாருக்கு ஒரு முட்டி வலி. ஸ்கிரீனில் ஒரு அறையைக் காட்டினால் உடனே மாநாடு. மெயின் அருவிக்குப் பக்கமா? மாடி ஏறணுமா? சமைக்க விடுவாங்களா? குரங்குத் தொல்லை உண்டா? எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, ஐந்தருவியில ஒரு குளியலப் போட்டுட்டு வந்து சொல்லுதோம், இத அப்படியே வச்சிருங்க" என்று சாவகாசமாகப் போய்விடுவார்கள். அந்த அறையின் வரி பூட்டிக் கிடக்கும். மற்ற இரண்டு டெர்மினலும் அந்த வரி வந்ததும் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

அந்த லாட்ஜ்காரர்கள் கூட்டுக்குச் செயலாளர் சுடலைமுத்து அண்ணாச்சி. சொந்தமாக லாட்ஜ் வைத்திருப்பவர். மூக்குக்கு மேலே கோபம், அதே அளவுக்குத் தாராளம். மங்குஸ்தான் வாங்கினால் ஆபீசுக்கே கூடையோடு வரும். நான் போவதற்கு முன்பு, மெஷினோடு வந்திருந்த மதராஸ் இன்ஜினியரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். "இது மெஷினாவே, மாடாவே? மூணுல ரெண்டு படுத்துக் கெடக்கு!" அந்த மனுஷன் கெட்டிக்காரர். அறையைக் காட்டினதுமே கமிட் போட்டார். பூட்டுத் திறந்தது. ஆனால் அடுத்த அறையைக் கேட்டால் டேட்டாபேஸ், "கர்சர் திறந்திருக்கவில்லை" என்று நிறுத்திவிட்டது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆரம்பத்திலேயே காலி அறைகள் அத்தனையையும் அள்ளி புரோகிராமின் நினைவில் வைத்துக்கொள்வது. வாடிக்கையாளர் எப்போது சரி என்கிறாரோ அப்போது அந்த அறைக்கு நேரே பெயரை எழுதிவிடுவது. அறை இன்னும் காலியாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிற வேலையே கிடையாது. எரர் ஒன்றுகூட இல்லை, மெஷின் பறந்தது. அண்ணாச்சி அவருக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, மாலை போட்டு ரயிலேற்றிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. நான் போனபோது எல்லாம் அமர்க்களமாக ஓடிக்கொண்டிருந்தது.

கவுன்டரில் மூன்று பேர். அதில் செண்பகம் என்ற பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கேரள எல்லையில் இருக்கிற புளியறைக்காரி. புருஷன் அங்கே செக்போஸ்ட் பக்கம் புரோட்டாக் கடை வைத்திருந்தான். செண்பகத்துக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் கேரளாப் பார்ட்டிகள் எல்லாம் அவள் கவுன்டருக்குத்தான் போவார்கள். அவளுக்குப் பொறுமையும் அதிகம். பக்கத்துக் கவுன்டர் முத்து, "வேணுமா வேண்டாமா, சட்டுனு சொல்லுங்க" என்று ஆளை விரட்டுவான். செண்பகம், "யோசிச்சு வாங்க சேச்சி, நான் இங்கனதான இருக்கேன்" என்று ஸ்கிரீனை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

ஒரே அறையில் இரண்டு குடும்பம் என்ற தகராறு முதல் தடவை வந்தபோது மழை மேல் பழி போட்டார்கள். இரண்டாவது தடவை லாட்ஜ் வாட்ச்மேன் மேல். மூன்றாவது தடவை ஆடி அமாவாசை அன்று வந்தது.

ஆடி அமாவாசைக்குக் குற்றாலம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆபீஸ் ஹாலில் நிற்க இடம் இல்லை. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவகிரிக்காரர் ஒருவர் ஈரத் துண்டோடு வந்தார். காலையிலேயே முத்துவிடம் அறைக்குச் சீட்டு வாங்கியிருக்கிறார். அருவிக்கரையில் திதி கொடுத்து, குளித்து, பசியோடு அறைக்குப் போனால் உள்ளே ஒரு மலையாளக் குடும்பம் ஸ்டவ்வைப் பற்ற வைத்து மீன் கொதிக்க விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"அமாவாசையும் அதுவுமா எங்க ரூம்ல மீனு கொதிக்குவே! கேட்டா அவனும் சீட்ட நீட்டுதான். என்ன ஆபீஸ் நடத்துதீரு?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஹாலே அடங்கிப் போயிற்று.

அண்ணாச்சி மெஷினில் பார்த்தார். அந்த அறைக்கு நேரே மலையாளக் குடும்பத்தின் பெயர்தான் இருந்தது. கொடுத்தவர் செண்பகம். முத்து கொடுத்த சுவடே இல்லை. முந்தைய இரண்டு தகராறையும் பார்த்தார். அவையும் செண்பகம் கொடுத்தவை, இரண்டுமே கேரளாப் பார்ட்டி. அண்ணாச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கினதை அத்தனை கூட்டத்துக்கு முன்னால் கத்தினார்.

"புளியறையில புருஷன் ஆள் பிடிச்சு அனுப்புதான், இங்கன இவ அடுத்தவன் பேர அழிச்சுட்டு ரூமத் தூக்கிக் குடுக்கா! களவாணிப் பிள்ளைய உக்கார வச்சிருக்கேம்லா நான்!"

செண்பகம் எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, சத்தியமா நான் யாரு பேரையும் அழிக்கல" என்றாள். கியூவில் நின்றவர்களில் பாதிப் பேர் புளியறை வழியாக ஊர் திரும்புகிறவர்கள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் முன்னே அந்தச் சொல் அவள் புருஷன் கடை வாசலுக்குப் போய்விடும். வேலை போவது ஒரு பக்கம். களவாணி என்ற பெயரோடு அந்த ஊரில் அவள் எப்படி நடமாடுவாள்?

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "யம்மா கோமதி, இவ குடுத்ததெல்லாம் பிரிண்ட் எடு. போலீஸ்ல குடுக்கணும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் பிள்ளைகளே. பிரிண்ட் எடுப்பது எனக்கு ஒரு பொத்தான் வேலை. எடுத்திருந்தால் அது அச்சு அசலாக அவளைக் குற்றவாளி என்றுதான் சொல்லியிருக்கும். மெஷின் பொய் சொல்லாது என்று அன்றைக்கு ஊரே நம்பியது. உங்களில் பலர் இன்றைக்கும் நம்புகிறீர்கள். எனக்கோ ஒரே ஒரு உறுத்தல். முத்து கொடுத்ததாகச் சிவகிரிக்காரர் கையில் சீட்டு இருக்கிறது. அப்படியென்றால் அந்த அறை கொடுக்கப்பட்டுவிட்டது. கொடுத்த அறையை மெஷின் எப்படி இன்னொரு தடவை கொடுக்கும்? செண்பகமே நினைத்தாலும் அது விட்டிருக்கக் கூடாதே!

"மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பொறுங்க அண்ணாச்சி, சரியாப் பாத்துக் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டு, செண்பகத்தை உள்ளறைக்குக் கூட்டிப் போனேன். அந்த மலையாளக் குடும்பம் எப்போது சரி சொன்னது என்று கேட்டேன்.

"காலையிலயே ரூமக் காட்டுனேன் யக்கா. ஐந்தருவிக்குப் போயிட்டு வாரோம்னாங்க. நான் ஸ்கிரீனை மாத்தாம வச்சிருந்தேன். குளிச்சிட்டு வந்து சரின்னாங்க, குடுத்துட்டேன். மத்த ரெண்டு பேரும் அப்படித்தான் பண்ணுனாங்க. நான் என்ன தப்பு யக்கா பண்ணுனேன்?"

புரோகிராமைத் திறந்து படித்தேன். ஐயோ என்று இருந்தது. மதராஸ்காரர் செய்துவைத்த வித்தை அத்தனையும் கண் முன்னே கிடந்தது. விரல் எப்போதோ எடுபட்டுவிட்டது, புரோகிராம் மட்டும் பழைய நினைப்பில் ஓடிக்கொண்டிருந்தது. செண்பகம் காத்திருந்த நேரத்தில் முத்து அதே அறையைச் சிவகிரிக்காரருக்குக் கொடுத்துவிட்டான். பிறகு இவள் சரி என்று தட்டியதும் மெஷின் அந்தப் பெயருக்கு மேலேயே இந்தப் பெயரை எழுதிவிட்டது. விரட்டி அனுப்புகிற முத்துவுக்கு இந்த ஆபத்து வராது. பொறுமையாகக் காத்திருக்கிற செண்பகத்துக்குத்தான் வரும்.

அப்போதும் எனக்கு முழு நிம்மதி இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். புரோகிராமில் ஓட்டை இருப்பது ஒன்று, அந்தப் பெண் குற்றமற்றவள் என்பது வேறொன்று. ஆனால் மூன்று தகராறும் அவள் சொன்ன விதமாகவே நடந்திருக்க முடியும். யார் பெயரையும் அழிக்க அவள் ஸ்கிரீனில் வழியே கிடையாது, அதையும் பார்த்துவிட்டேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வெளியே வந்து அண்ணாச்சியிடம், "முதல்ல கவுன்டரை மூடுங்க" என்றேன்.

மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூட்டத்தப் பாக்குதியா இல்லையா? வருஷத்துல இன்னைக்குத்தான் இம்புட்டு ஜனம். மூடவா?"

"தொறந்து வச்சிருக்க ஒவ்வொரு நிமிஷமும் இன்னொரு குடும்பம் இன்னொரு ரூம் வாசல்ல போயி நிக்கும் அண்ணாச்சி."

நம்பவில்லை. செண்பகத்தைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. முத்து வேறு பக்கத்தில் வந்து, "யக்கா, கூட்டம் கொறஞ்ச பொறவு சரி பண்ணலாமே" என்றான். கூட்டம் இல்லாத நாளில் இந்தச் சட்டத்துக்கு வேலையே கிடையாதுடா தம்பி, ஒரே ஆள் தட்டினால் எந்தக் கர்சரும் யாரையும் கெடுக்காது என்று அவனுக்குச் சொல்ல நேரமில்லை. அண்ணாச்சியின் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து செண்பகத்தின் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"உங்க பேரப் போட்டு நீங்களே உள்ள போங்க. உங்க லாட்ஜ் ரூம் ஒண்ணக் காட்டுங்க. நான்தான் பார்ட்டி."

முறைத்துக்கொண்டே காட்டினார். நான் கேள்வியாகக் கேட்டேன். வெந்நீர் வருமா, மாடிப்படி எத்தனை, குரங்கு உண்டா. "என் லாட்ஜ்ல கொரங்கா?" என்று அவருக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. "குளிச்சிட்டு வந்து சொல்லுதேன்" என்று சொல்லி அவரை வாசலுக்கு அழைத்துப் போனேன். அதற்குள் நான் ஏற்கெனவே சொல்லி வைத்தபடி முத்து தன் டெர்மினலில் அதே அறையைக் கொடுத்துச் சீட்டுப் போட்டுவிட்டான். திரும்பி வந்து உட்கார்ந்தோம்.

"குளிச்சாச்சு அண்ணாச்சி. குடுங்க."

தட்டினார். பிரிண்டர் மறு பேச்சில்லாமல் அடித்தது. இரண்டு சீட்டையும் அவர் கையில் கொடுத்தேன். ஒரே அறை. ஒன்றில் முத்து பெயர், இன்னொன்றில் கொடுத்தவர் சுடலைமுத்து. மெஷினில் தேடிக் காட்டினேன், முத்து கொடுத்த சுவடே இல்லை.

"முத்து குடுத்த பார்ட்டியோட பேர எதுக்கு அழிச்சீங்க அண்ணாச்சி? உங்களுக்குப் புளியறையில யாரு இருக்கா?"

இரண்டு சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "ஏலே முத்து, கவுன்டர மூடுலே" என்றார்.

சரி செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் யோசிக்கிற நேரத்தில் டிரான்ஸாக்‌ஷனே கிடையாது, சும்மா பார்க்கலாம், எந்த வரியும் பூட்டாது. சரி என்று சொன்னதும் டிரான்ஸாக்‌ஷன் ஆரம்பம். அந்த ஒரு அறைக்கு மட்டும் கர்சர் திறந்து, பூட்டி, இன்னும் காலிதானா என்று பார்த்து, எழுதி, கமிட். அதன் நடுவில் மனுஷரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இதைக் கவுன்டர் சுவரில் எழுதி ஒட்டவில்லை. எல்லா புரோகிராமும் ஒரே வாசல் வழியாகத்தான் கர்சரைத் திறக்க வேண்டும், அறைக்குப் பெயர் எழுதுவதும் அந்தக் கர்சர் வழியாகத்தான், டிரான்ஸாக்‌ஷன் ஆரம்பிக்காமல் அப்டேட் கர்சர் கேட்டால் அந்த வாசல் கதவை அடைத்துவிடும் என்று வைத்தேன். மதராஸ்காரரே திரும்பி வந்தாலும் சுற்றி வர முடியாது. தம்பிக்குத் தொந்தரவு பண்ணுகிறது என்றாரே, அதே செக்தான்.

அண்ணாச்சி கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார். "குளிச்சிட்டு வந்து சரின்னு சொல்லுதவன்கிட்ட ரூம் போயிட்டுன்னு சொன்னா சட்டையப் பிடிப்பாம்லா."

"கவுன்டர்ல சட்டையப் பிடிச்சா வேற ரூம் குடுக்கலாம். ரூம் வாசல்ல ஈரத் துண்டோட பிடிச்சா என்ன குடுப்பீங்க?"

அதை ஒப்புக்கொண்டு அண்ணாச்சி சிவகிரிக்காரர் குடும்பத்தைத் தன் வீட்டு மாடிக்கே அனுப்பி, சுத்தமாகச் சமைத்துப் போடச் சொன்னார். அதுதான் அந்த மனுஷன்.

பிற்பகலில் கவுன்டரைத் திறக்க வேண்டும். ஹால் மறுபடி நிறைந்துவிட்டது. அண்ணாச்சி உள்ளறைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "எம்மா செண்பகம், நடந்தது நடந்து போச்சு. மனசுல வச்சுக்கிடாத. போயி உக்காரு" என்றார். செண்பகம் அசையவில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"களவாணின்னு அங்கன வச்சுச் சொன்னீங்க அண்ணாச்சி. இல்லைன்னும் அங்கன வச்சே சொல்லுங்க."

அண்ணாச்சியிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் நின்றார், தோள் துண்டைச் சரி செய்தார், ஹாலுக்குப் போனார். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. காலையில நான் இந்தப் பிள்ளையப் பத்திச் சொன்னது தப்பு. கோளாறு மெஷின்ல. அவ ஒரு தப்பும் பண்ணல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். கியூவின் பின்னாலிருந்து ஒரு குரல், "அது கெடக்கட்டும் அண்ணாச்சி, ரூம் உண்டுமா இல்லியா?" என்றது. ஹாலே சிரித்தது, அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். செண்பகம் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவளும் நானும் சேர்ந்து பஸ்ஸுக்கு நடந்தோம். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் செய்த வேலையில் எனக்கு ஏகப்பட்ட பெருமை, மறைப்பானேன். அவள் என்னைப் பாராட்டப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அண்ணாச்சியே உக்காந்து தட்டுனாரு, அவரு பேரு விழுந்துச்சு, நம்புனாரு. நான் சத்தியம் பண்ணுனப்போ நம்பலியே. அவரு பேரு விழாமப் போயிருந்தா நான் களவாணிதான யக்கா?"

புளியறை பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அந்த மெஷின் முன்னால் சத்தியம் பண்ணுகிற நிலைமை இனி எவருக்கும் வரக் கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த பதில். அதைத்தான் அதற்குப் பிறகு போன இடமெல்லாம் புரோகிராமில் எழுதி வைத்தேன். தம்பி எடுக்கக் கேட்ட அந்த ஒரு வரி அதுதான்.